மன்னிப்புக்கு முன் உண்மை
இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் வழக்கு தரும் பாடம்



"பழசையெல்லாம் கிளறாதே" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. சொத்துத் தகராறாக இருக்கலாம், ஜமாஅத்தில் ஏற்பட்ட பிளவாக இருக்கலாம், ஊரில் நடந்த கலவரமாகவும் இருக்கலாம். கொஞ்ச காலம் போனதும் பெரியவர்கள் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். அவர்கள் நோக்கம் நல்லதுதான். சொறிந்துகொண்டே இருக்கும் புண் ஆறாது. ஆனால் உள்ளே சீழை வைத்துக்கொண்டு மேலே தோல் மூடிய புண்ணும் ஆறாது. ஒரு நாள் அது வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு கிளம்பும்.

ஒரு சமுதாயம் தன் கசப்பான கடந்த காலத்தை என்ன செய்வது? மறப்பதா, மன்னிப்பதா, பழி வாங்குவதா? இந்தக் கேள்வியை நம் காலத்தில் வெளிப்படையாக எடுத்துப் பேசிய நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா. அந்த நாட்டின் அனுபவத்தில் முஸ்லிம்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு. ஒரு பள்ளிவாசல் இமாம் போலீஸ் காவலில் இறந்தார். அவர் எப்படி இறந்தார் என்ற உண்மை நீதிமன்றப் பதிவில் ஏற 54 ஆண்டுகள் ஆயின. இந்த மாதப் பாடமாக அந்த வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம்.

யார் இந்த இமாம்?

தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் டவுன் நகரில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். டச்சுக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுபோய் இறக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் பலர். அடிமைத்தளையில் இருந்துகொண்டே தீனைக் காப்பாற்றியவர்கள்.

அந்தச் சமுதாயத்தில் 1924-இல் பிறந்தவர் அப்துல்லாஹ் ஹாரூன். சிறு வயதிலேயே தாயை இழந்து அத்தையிடம் வளர்ந்தார். மக்காவில் சில காலம் ஓதினார். 1955-இல் கிளேர்மான்ட் பகுதியில் ஸ்டெக்மன் சாலைப் பள்ளிவாசலின் இமாம் ஆனார். அப்போது அவருக்கு 31 வயது. இளைஞர்களைத் திரட்டி 1958-இல் முஸ்லிம் இளைஞர் சங்கம் கண்டார். ‘முஸ்லிம் நியூஸ்’ பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். பிழைப்புக்கு ஒரு மிட்டாய் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தார்.

அந்த வேலை அவரைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளான லங்கா, குகுலெத்து, ந்யாங்கா பகுதிகளுக்குக் கொண்டுசென்றது. 1948-இல் பதவிக்கு வந்த நிறவெறி அரசு, மனிதர்களை நிறம் பார்த்துப் பிரித்துப் பதிவு செய்தது. எந்த நிறத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1950-இல் சட்டமும் போட்டது. அந்தச் சட்டத்தால் கிளேர்மான்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வெள்ளையரல்லாத குடும்பங்கள் வீடுகளை விட்டு அகற்றப்பட்டன. பள்ளிவாசல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. எங்கோ தூரத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் ஜும்ஆவுக்கு அங்கே திரும்பி வந்தார்கள்.

இமாம் ஹாரூன் இந்த அநியாயத்தை மிம்பரில் நின்று கண்டித்தார். நிறவெறி இஸ்லாத்துக்கு முரணானது என்று 1961-இல் கேப் டவுன் முஸ்லிம் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய இளைஞர் சங்கத்துக்கும் பங்கு இருந்தது. சிறையில் அடைக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உதவிப் பணத்தைக் கமுக்கமாகக் கொண்டு சேர்த்தார். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை முஸ்லிம் குடும்பங்கள் அல்ல. லங்காவில் கறுப்பின மக்கள் அவரைத் தங்கள் கோசா மொழியில் ‘ம்ஃபுந்திசி’ என்று அழைத்தார்கள். மதகுரு என்று அதற்குப் பொருள்.

123 நாட்கள்

1969 மே 28, மீலாது நாள். அன்று பாதுகாப்புப் போலீசார் இமாமைக் கைது செய்தார்கள். அன்றைய பயங்கரவாதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஒருவரை விசாரணையே இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். வழக்கறிஞரைப் பார்க்க முடியாது, குடும்பத்தாரையும் பார்க்க முடியாது. 123 நாட்கள் கழித்து, செப்டம்பர் 27 அன்று, அவர் இறந்துவிட்டார் என்று வீட்டுக்குச் செய்தி வந்தது. படிக்கட்டில் தவறி விழுந்தார் என்று போலீசார் சொன்னார்கள்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள் உடலைக் கண்ணால் பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரும் இருபதுக்கும் மேற்பட்ட கன்றிய காயங்களையும் முறிந்த விலா எலும்பையும் குறித்துவைத்தார். செப்டம்பர் 29 அன்று நடந்த ஜனாஸாவில் 30,000 முதல் 40,000 பேர் வரை கலந்துகொண்டதாகச் சொல்வார்கள். மௌப்ரே மையவாடி வரை பல கிலோமீட்டர் தூரம் சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து சென்றார்கள். அன்றிரவு அந்த வட்டாரமே நிலநடுக்கத்தால் குலுங்கியது. அந்த இரவைப் பற்றி கேப் டவுன் முதியவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

பொய் பதிவேட்டில் ஏறியது

1970-இல் மரண விசாரணை நடந்தது. காயங்களில் பெரும்பகுதி படிக்கட்டில் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம் என்று நீதவான் முடித்துவைத்தார். யார் மீதும் குற்றம் இல்லை. ஒரு மனைவி விதவையானாள், மூன்று பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒரு விபத்து.

இதில் உள்ள அநியாயத்தைக் கவனியுங்கள். ஒருவரைக் கொல்வது முதல் அநியாயம். அவர் எப்படி இறந்தார் என்பதை மாற்றி எழுதுவது இரண்டாவது. முதல் அநியாயம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது அநியாயம், அந்தத் தாள் அலமாரியில் இருக்கும்வரை ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போகும்போதும் நடக்கிறது, பேரன் தாத்தாவைப் பற்றிக் கேட்கும்போதும் நடக்கிறது. ‘பழசை விடு’ என்று அந்தக் குடும்பத்தாரிடம் சொன்னால், பொய்யை ஏற்றுக்கொள் என்றுதான் அதற்குப் பொருள்.

நினைவைச் சுமந்தவர்கள்

அந்தப் பொய்யை ஏற்காதவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் முஸ்லிமே அல்லர். பெர்னார்ட் ராங்மோர் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், இமாமின் மரணத்தைப் பற்றி நீதி விசாரணை வேண்டும் என்று கோரி 1971-இல் உண்ணாநோன்பு இருந்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், சிக்னல் ஹில் குன்றின் மேல் உள்ள ஒரு வலியுல்லாஹ்வின் அடக்கத்தலம். 67 நாட்கள் சாப்பிடாமல் அங்கே இருந்தார். பிரதமர் ஃபோர்ஸ்டர் இணங்கவில்லை. விசாரணை வரவில்லை. ஆனால் படிக்கட்டுக் கதையை நாடே நம்பிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாதபடி அந்த நோன்பு செய்தது. அதற்கு முன்பே, 1969 அக்டோபரில், லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இமாமுக்காக நினைவு வழிபாடு நடந்திருந்தது. 1978-இல் அவருடைய மரணத்தைப் பற்றி ஒரு நூலும் வெளிவந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இமாம் கைதாகி உள்ளே இருந்த அந்த நாட்களில் அவருடைய சொந்தச் சமுதாயத்தின் மார்க்கத் தலைமை உரக்கக் குரல் கொடுக்கவில்லை என்ற மனக்குறை கேப் டவுன் முஸ்லிம்களிடையே நெடுங்காலம் இருந்தது. அரசைப் பகைத்துக்கொண்டால் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் என்ன ஆகுமோ என்ற பயம். புரிந்துகொள்ளக்கூடிய பயம்தான். ஆனால் ஜனாஸாவுக்குத் திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அவர் உயிரோடு இருந்தபோது காவல் நிலையத்தின் முன் நின்றிருந்தால்? இந்தக் கேள்வியை அங்குள்ள முஸ்லிம்களே தங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். பிறர் செய்த அநியாயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தன் மௌனத்தை மறந்துவிடும் சமுதாயம் பாதி நினைவைத்தான் வைத்திருக்கிறது.

உண்மை ஆணையம்

1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. நெல்சன் மண்டேலா ஜனாதிபதியானார். இத்தனை ஆண்டுக் கொடுமைகளை என்ன செய்வது? அனைவரையும் கூண்டில் ஏற்றினால் நாடு மீண்டும் போருக்குள் விழும் என்று பயந்தார்கள். எதையும் கேட்காமல் விட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேர்ந்தார்கள். 1995-இல் சட்டம் இயற்றி, ‘உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்’ அமைத்தார்கள். ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு தலைவர். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் என்ற ஊரில் முதல் அமர்வு கூடியது. 1960 முதல் 1994 வரை நடந்தவை விசாரிக்கப்பட்டன.

ஆணையத்தின் முறை எளிமையானது. பாதிக்கப்பட்டவர் மக்கள் முன்னால் வந்து நடந்ததைச் சொல்லலாம். அநியாயம் செய்தவர் பொதுமன்னிப்புக் கேட்டு மனுப்போடலாம். ஆனால் அவர் செய்தது அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். மறைத்தால் மன்னிப்பு இல்லை. பாதிக்கப்பட்டோர் தரப்பில் 21,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் பதிவாயின. மன்னிப்புக் கேட்டு 7,000-க்கும் மேற்பட்டோர் மனுப்போட்டார்கள். அவர்களில் 849 பேருக்குத்தான் மன்னிப்புக் கிடைத்தது. அரசை எதிர்த்துப் போராடிய இயக்கங்கள் செய்த கொடுமைகளையும் ஆணையம் விசாரித்தது. அதனால் அந்த இயக்கங்களின் கோபத்துக்கும் ஆளானது. 1997 நவம்பரில் மதச் சமூகங்களுக்கென்று நடந்த தனி அமர்வில் முஸ்லிம் பிரதிநிதிகளும் சாட்சியம் அளித்தார்கள்.

குறைகளும் இருந்தன. உண்மை சொல்ல வராதவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும் என்பதுதான் ஏற்பாட்டின் மறுபாதி. ஏறக்குறைய 300 வழக்குகள் அரசு வழக்குத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகள் தூசி படிந்து கிடந்தன. இமாம் ஹாரூனின் சாவுக்காக எவரும் மன்னிப்புக் கேட்டு முன்வரவில்லை. உண்மையும் வரவில்லை, வழக்கும் வரவில்லை. அந்தத் தாமதத்துக்கு யார் காரணம் என்று கண்டறிய 2025-இல்தான் ஜனாதிபதி சிரில் ராமபோசா ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார்.

ஒரு தாயின் சாட்சியம்

அடைபட்ட கதவை முதலில் திறந்தது இன்னொரு முஸ்லிம் குடும்பம். அஹ்மது திமோல் குஜராத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, பள்ளி ஆசிரியர். 1971 அக்டோபர் 22 அன்று கைதானார். ஐந்து நாள் கழித்து ஜோஹன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் 10-ஆவது மாடியிலிருந்து கீழே விழுந்து இறந்தார். அவர் தானாகக் குதித்தார் என்று 1972-இல் நீதவான் தீர்ப்பளித்தார். தற்கொலை ஹராம் என்று அறிந்து வளர்த்த பெற்றோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவருடைய தாயார் ஹவ்வா திமோல் 1996-இல் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டே மௌத்தாகிவிட்டார். ஆனால் அவர் சொன்னது பதிவாகிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளை முறையில் வந்த ஒருவர் அந்தப் பதிவைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகள் விடாமல் முயன்றார். 2017-இல் மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. அதே காலத்தில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளான நண்பர் வந்து சாட்சி சொன்னார். 2017 அக்டோபர் 12 அன்று நீதிபதி பில்லி மோட்லே, அஹ்மது திமோல் தானாகக் குதிக்கவில்லை, தள்ளிக் கொல்லப்பட்டார் என்று தீர்ப்பளித்தார். கடைசியாக அவரோடு அறையில் இருந்த முன்னாள் போலீஸ்காரர் மீது 2018-இல் கொலை வழக்குப் பதிவானது. வழக்கு நடக்காமலேயே 2021-இல் அவர் இறந்துபோனார்.

இந்தத் தீர்ப்பு இமாம் ஹாரூன் குடும்பத்துக்கும் வழி காட்டியது. 2022 நவம்பரில் கேப் டவுன் உயர்நீதிமன்றத்தில் அவருடைய மரண விசாரணை மீண்டும் தொடங்கியது. தடயவியல் மருத்துவர்களும், ஒருவர் விழுந்தால் எங்கெங்கே அடிபடும் என்று கணக்கிட்ட பொறியாளரும் சாட்சி சொன்னார்கள். அவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது எது தெரியுமா? 1969-இல் காயங்களைக் குறித்துவைத்த அதே பிரேதப் பரிசோதனைத் தாள்கள். ஒரு மருத்துவர் எழுதிவைத்த காயக் கணக்கு, அதைப் பொய்யாக்கிய தீர்ப்பைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது.

2023 அக்டோபர் 9 அன்று நீதிபதி டேனியல் துலாரே தீர்ப்பு வழங்கினார். இமாம் படிக்கட்டில் விழுந்து இறக்கவில்லை. பாதுகாப்புப் போலீசாரின் சித்திரவதையால் இறந்தார். 1970-ஆம் ஆண்டின் முடிவு ரத்தானது.

அவருடைய மனைவி கலீமா ஹாரூன் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. 2019 செப்டம்பர் 29 அன்று, கணவரை அடக்கம் செய்து சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைவான அதே நாளில் அவர் மௌத்தானார். சித்திரவதை செய்தவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பிறகு இந்தத் தீர்ப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். பொய் இறக்கப்பட்டது, உண்மை ஏற்றப்பட்டது. இனி அந்தப் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவைப் பற்றி எவரிடமும் வாதாட வேண்டியதில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இப்போதுதான் அவர்கள் கையில் ஒரு விஷயமே கிடைத்திருக்கிறது. எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமல் எப்படி மன்னிப்பது?

தீன் காட்டும் ஒழுங்கு

மன்னிப்பது பெரிய நன்மை. அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குர்ஆன் காட்டும் ஒழுங்கைப் பாருங்கள். யூசுஃப் (அலை) அவர்கள் தம் சகோதரர்களை மன்னித்த நிகழ்ச்சி 12-ஆவது அத்தியாயத்தில் வருகிறது. 91-ஆம் வசனத்தில் சகோதரர்கள் தாங்கள் தவறு செய்தவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். 92-ஆம் வசனத்தில் யூசுஃப் (அலை) அவர்கள், இன்று உங்கள் மீது பழி இல்லை என்று கூறி அவர்களுக்காக துஆ செய்கிறார்கள். ஒப்புதல் முதலில், மன்னிப்பு அடுத்து. கிணற்றில் எறிந்ததே நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மன்னிக்கப்பட்ட பின்னும் அந்தச் சம்பவம் மறைக்கப்படவில்லை. கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அது இருக்கிறது.

வஹ்ஷீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர், பின்னர் இஸ்லாத்தை ஏற்க வந்தார். ஹம்ஸாவைக் கொன்றது நீர்தானா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. அவரைத் தண்டிக்கவில்லை. ஆனால் முடிந்தால் தம் கண்ணில் படாமல் இருக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். மன்னித்தவருக்கும் வலி இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாதிக்கப்பட்டவரிடம் போய், இன்னுமா மறக்கவில்லை என்று கேட்பது சுன்னத்துக்குப் பொருந்தாத கேள்வி.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேளுங்கள். பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் என்பார்கள். கடனை எழுதிவைப்பது பற்றிய வசனம் அது. சிறியதோ பெரியதோ, எழுதுவதில் சோர்வடையாதீர்கள் என்று அது அறிவுறுத்துகிறது. அடுத்த வசனம் சாட்சியத்தை மறைப்பதைப் பாவம் என்கிறது. கொடுக்கல் வாங்கலுக்கே இத்தனை அக்கறை என்றால், ஓர் உயிரின் கணக்குக்கு எத்தனை அக்கறை வேண்டும்! நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனமோ நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியின் பக்கம் சாட்சியாக நிற்கக் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதி செய்யத் தூண்டக்கூடாது என்று மாயிதாவின் 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது. நினைவைச் சுமப்பவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

நம் மஹல்லாவுக்கு இதில் என்ன பாடம்?

ஒவ்வொரு ஊரிலும் பேசப்படாத சில விஷயங்கள் உண்டு. அவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அவர்கள் கண்ட சாட்சியமும் போகிறது. குடும்பங்களும் ஜமாஅத்தும் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், உடன் இருந்தவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுக்கும் பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம். சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர்கள் உரிமை.

இரண்டாவது, கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுங்கள். ஹதீஸ்கலை இமாம்கள் இதில் நமக்கு உஸ்தாத்கள். உனக்குச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைக் கூட்டிக் குறைத்து அனுப்புவது நினைவைப் பாதுகாப்பது ஆகாது. நமக்கு நடந்த அநியாயத்தை மிகைப்படுத்திச் சொன்னால், ஒருநாள் அந்த மிகை வெளிப்படும்போது உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் சீட்டு, பழைய பத்திரச் செய்தி எதையும் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். ஒரு படி எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். கேப் டவுன் வழக்கில் தாள்தான் பேசியது.

நான்காவது, ஜமாஅத் மினிட் புத்தகம். ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு விலக்கியது, சந்தா வாங்க மறுத்தது, ஒரு பெண்ணின் முறையீட்டைத் தள்ளியது போன்ற முடிவுகள் பல ஊர்களில் எடுக்கப்பட்டிருக்கின்றன. புத்தகத்தில் முடிவு மட்டும் ஒரு வரியில் இருக்கும். பாதிக்கப்பட்டவர் சொன்னது இருக்காது. இனி எழுதும்போது இரு தரப்பையும் எழுதுவது என்று ஜமாஅத்துகள் முடிவெடுக்க வேண்டும். பழைய முடிவு ஒன்று அநியாயம் என்று தெரியவந்தால் அதையும் கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பிறரிடம் உண்மையைக் கேட்கும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும். அடியார்களின் ஹக்கு சம்பந்தப்பட்ட பாவத்தில், உரியவரிடம் போய்ப் பொருத்தம் கேட்காமல் தவ்பா நிறைவேறாது என்பது நாம் அறிந்த சட்டம். அது தனிமனிதனுக்கு மட்டும் உரிய சட்டம் அல்ல.

ஐந்தாவது, நமக்காக நின்ற பிற சமயத்தாரையும் சேர்த்து நினைவுகூருங்கள். கலவரத்தில் கதவைத் திறந்து அடைக்கலம் கொடுத்த பக்கத்து வீட்டாரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அடித்தவன் பெயர் மட்டும் தெரிந்து வளரும் பிள்ளை எல்லோரையும் பகைவராகப் பார்க்கும். ராங்மோர் பாதிரியாரின் 67 நாள் நோன்பை விட்டுவிட்டு இமாம் ஹாரூனின் வரலாற்றை முழுமையாகச் சொல்ல முடியுமா?

குடும்பத்தில் அமர்ந்து பேசுவதற்கு

1. நம் குடும்பத்தில் அல்லது ஊரில் பேசப்படாமல் இருக்கும் ஒரு நிகழ்ச்சி எது? அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?
2. மன்னித்தலுக்கும் மறத்தலுக்கும் என்ன வேறுபாடு? யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலிருந்து பதில் சொல்லுங்கள்.
3. இமாம் ஹாரூன் கைதான நாட்களில் நாம் கேப் டவுனில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?
4. நம்மால் பாதிக்கப்பட்டு நம்மிடம் இன்னும் நியாயம் கேட்டு நிற்பவர் யாராவது உண்டா?

நான்காவது கேள்வியைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

யா அல்லாஹ், அநியாயமாகக் கொல்லப்பட்ட உன் அடியார்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவாயாக. உண்மையைச் சொல்லும் துணிவையும், நமக்கு எதிரான உண்மையைக் கேட்கும் பொறுமையையும் எங்களுக்குத் தருவாயாக. உண்மை தெரிந்த பின் மன்னிக்கும் பெருந்தன்மையையும் தருவாயாக. ஆமீன்.